பத்தாயிரம் ரூபாய்க்குள் புது உடுப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் தையல் கடை வைத்திருக்கிறேன். படிப்பு முடிந்து முதல் வேலைக்குப் போகிற பிள்ளைகள், குழந்தை பிறந்த பிறகு மறுபடி ஆபீஸ் கிளம்புகிற பெண்கள், உடம்பு இளைத்தோ பெருத்தோ பழைய துணி எதுவும் சேராமல் போனவர்கள் என்று பலரும் கடையில் நின்று கேட்பது கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, பார்க்க நன்றாக இருக்க வேண்டும், எங்கே ஆரம்பிப்பது? அவர்களிடம் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். விலையெல்லாம் எங்கள் பக்கத்து நிலவரம். உங்கள் ஊரில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

கையில் பத்தாயிரம் இருக்கிறது. முதலில் என்ன வாங்குவது?

முதல் வாரம் எதையும் வாங்காதீர்கள். பீரோவில் இருப்பதை எல்லாம் கட்டிலில் கொட்டி மூன்றாகப் பிரியுங்கள். இப்போது போடுவது, சின்ன வேலை செய்தால் போடக்கூடியது, இனி போடவே மாட்டோம் என்பது. நீங்கள் கவனிக்க வேண்டியது நடுவில் இருக்கிற குவியலைத்தான். பட்டன் போனது, நீளம் அதிகமானது, இடுப்பு லூசானது, பக்கத் தையல் விட்டது என்று அதில் குறைந்தது நான்கைந்து உருப்படி கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் ஐம்பதிலிருந்து நூறு ரூபாய் ஆல்டரேஷன் கூலி. ஐந்நூறு ரூபாயில் ஐந்து துணி திரும்பிவிட்டால், வாங்க வேண்டிய பட்டியல் அங்கேயே பாதியாகிவிடும்.

அடுத்து, ஒரு சாதாரண வாரத்தில் நீங்கள் எங்கெல்லாம் போகிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள். ஆபீஸ் ஐந்து நாள், கோயிலோ கடைத்தெருவோ ஒரு நாள், வீடு ஒரு நாள் என்றால் பணமும் அதே கணக்கில்தான் பிரிய வேண்டும். பலர் கல்யாணத்துக்குப் போடும் துணிக்குப் பாதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் போட ஒன்றும் இல்லை என்று நிற்கிறார்கள். மூவாயிரம் ரூபாய் உடுப்பை வருடத்தில் இரண்டு முறை போட்டால், ஒரு முறைக்கு ஆயிரத்து ஐந்நூறு விழுகிறது. எண்ணூறு ரூபாய் சட்டையை வாரம் ஒரு தடவை போட்டால், ஒரு வருடத்தில் ஒரு தடவைக்குப் பதினாறு ரூபாய்கூட ஆகாது.

சரி, அந்தப் பத்தாயிரத்தை எப்படிப் பிரிக்கலாம்?

ஆண்களுக்கு நான் போட்டுக் கொடுக்கிற கணக்கு இது. பேண்ட் இரண்டு, ஒன்று கருநீலம், ஒன்று சாம்பல் அல்லது பழுப்பு. துணியும் கூலியும் சேர்த்து ஒன்றுக்கு 1,050 என்றால் 2,100. சட்டை நான்கு, துணி 400, கூலி 400, ஆக 3,200. ஜீன்ஸ் ஒன்று 1,000. திருப்பூர் டி-ஷர்ட் இரண்டு 500. வேட்டி ஒன்று 400. ஷூவும் பெல்ட்டும் 1,900. உள்ளாடைக்கு 500. மொத்தம் 9,600. மிச்சம் 400 ரூபாய் பழைய துணிகளின் ஆல்டரேஷனுக்கு. நான்கு சட்டையும் இரண்டு பேண்டுக்கும் ஒத்துப்போகிற நிறத்தில் இருந்தால் எட்டு ஜோடி கிடைத்துவிடும்.

பெண்களுக்கு: தைத்துக்கொள்ளும் குர்தா மூன்று, துணி 400, கூலி 350, ஆக 2,250. ரெடிமேடு குர்தா இரண்டு 1,200. ஸ்ட்ரெய்ட் பேண்ட் இரண்டு, லெக்கிங்ஸ் ஒன்று 1,200. துப்பட்டா இரண்டு 500. காட்டன் புடவை ஒன்று, ஃபால்ஸ், ஓரம், ரவிக்கைத் துணி, தையல் எல்லாம் சேர்த்து 1,720. அம்மாவின் பட்டுப்புடவை ஒன்றுக்குப் புது ரவிக்கை 600. செருப்பு 1,000. உள்ளாடை, உள்பாவாடை 900. மொத்தம் 9,370. பாக்கி 630 ரூபாயை அப்படியே வைத்திருங்கள், முதல் மாதத்தில் எது குறைகிறது என்று தானே தெரிந்துவிடும்.

உள்ளாடையை ஏன் கணக்கில் சேர்க்கிறேன் என்று சிலர் கேட்பார்கள். அளவு சரியில்லாத உள்ளாடைக்கு மேலே எவ்வளவு நல்ல ரவிக்கை தைத்தாலும் உட்காராது. அளவெடுக்கும் முன் நான் முதலில் கேட்பதே அதைத்தான்.

ரெடிமேடு மலிவா, தைத்துப் போடுவது மலிவா?

இரண்டுக்கும் இடம் உண்டு. டி-ஷர்ட், ஜீன்ஸ், லெக்கிங்ஸ், உள்ளாடை எல்லாம் ரெடிமேடாகவே வாங்குங்கள். அவற்றுக்கான மெஷின்கள் எங்களைப் போன்ற கடைகளில் கிடையாது. சட்டை, பேண்ட், குர்தா, ரவிக்கை நான்கையும் தைத்துக்கொள்ளுங்கள். தொழில் பாசத்தில் சொல்வதாக நினைக்க வேண்டாம், கணக்கைப் பாருங்கள்.

கடையில் எண்ணூறு ரூபாய்க்கு விற்கும் ரெடிமேடு சட்டையில் துணிக்குப் போவது ஒரு பங்குதான். மீதி தையல், பேக்கிங், லாரி, கடை வாடகை, விளம்பரம், தள்ளுபடிக்காக முன்கூட்டியே ஏற்றி வைத்த விலை. அதே எண்ணூறில் நீங்கள் துணி எடுத்துத் தைத்தால் பாதிப் பணம் துணிக்கே போகிறது, அதனால் ஒரு படி மேலான துணி கிடைக்கும். இரண்டாவது, தோள். ரெடிமேடு சட்டை ஏதோ ஒரு சராசரி உடம்புக்கு வெட்டியது. உங்களுக்குத் தோள் அகலம், வயிறு தட்டை என்றால் நாற்பது சைஸ் தோளில் பிடிக்கும், நாற்பத்திரண்டு வயிற்றில் பலூனாக நிற்கும். உடை எடுப்பாக இருப்பதும் இல்லாததும் பெரும்பாலும் தோள் தையல் எங்கே முடிகிறது என்பதில்தான் இருக்கிறது. தோள் எலும்பு முடியும் இடத்தில் அது முடிந்தால் நானூறு ரூபாய்த் துணிகூட நன்றாகத் தெரியும்.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியம். நல்ல தையல்காரர் பக்கத் தையலுக்கு உள்ளே ஒரு இன்ச் துணி விட்டுத் தைப்பார். ரவிக்கையில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே விடுவார். உடம்பு கொஞ்சம் ஏறினால் பிரித்துவிட்டால் போதும், இன்னும் இரண்டு வருடம் ஓடும். ரெடிமேடில் துணி மிச்சம் பிடிப்பதற்காக ஓவர்லாக் (ஓரம் பிசிறாமல் பூட்டும் தையல்) அடித்து ஒட்ட வெட்டிவிடுகிறார்கள், பிரிக்க உள்ளே ஒன்றும் இருக்காது. கொடுக்கும்போதே "உள்ளே துணி விட்டுத் தையுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். சட்டை என்றால் காலருக்குள் வைக்கும் கேன்வாஸ் நல்லதாக இருக்கட்டும் என்றும் சொல்லுங்கள். மலிவான கேன்வாஸ் நாலு துவைப்பில் உள்ளே குமிழ் குமிழாகக் கிளம்பிவிடும். அதற்கப்புறம் எந்த இஸ்திரியாலும் அந்தக் காலரைப் படிய வைக்க முடியாது.

எத்தனை மீட்டர் துணி எடுப்பது?

துணியின் அகலத்தைக் கேட்காமல் மீட்டர் சொல்லாதீர்கள். 58 இன்ச் அகலத் துணியில் முழுக்கைச் சட்டைக்கு 1.60 மீட்டர், பேண்டுக்கு 1.20 முதல் 1.30 வரை. 36 இன்ச் அகலம் என்றால் அதே சட்டைக்கு 2.25 முதல் 2.50 வரை வேண்டும். 44 இன்ச் அகலத்தில் முழங்கால் நீளக் குர்தாவுக்கு 2.50 போதும். ரவிக்கைக்கு 80 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர். கட்டம் போட்டதோ பெரிய பூப்போட்டதோ என்றால் கால் மீட்டர் கூடுதலாக எடுங்கள். இரண்டு பக்கமும் கட்டம் சேர வேண்டாமா?

துணி நல்லதா இல்லையா என்று கடையிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

விலைச் சீட்டைப் பார்க்கும் முன் கையை வையுங்கள். துணியின் ஒரு மூலையை உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் பத்து எண்ணும் வரை இறுக்கிப் பிடித்துவிட்டு விடுங்கள். கோடு கோடாக அப்படியே நின்றால் சுத்தமான பருத்தியாகவோ ரேயானாகவோ இருக்கும், தினமும் இஸ்திரி கேட்கும். மெதுவாக விரிந்தால் கலப்பு. கசங்கவே இல்லை என்றால் பாலியஸ்டர். பேருந்தில் ஒரு மணி நேரம் நின்று ஆபீஸ் போகிறவர்களுக்குப் பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணி கெடுதலில்லை. பருத்தி பாதிக்கு மேல் இருக்கட்டும், அவ்வளவுதான். முழுப் பாலியஸ்டர் நம் வெயிலுக்கு ஆகாது. மே மாதத்தில் அதை மத்தியானம் வரை போட்டுப் பாருங்கள், புரிந்துவிடும்.

அப்புறம் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நூல்களுக்கு நடுவே சீரற்ற ஓட்டைகள் தெரிந்தால் நெசவு தளர்வு. இரண்டு கட்டைவிரலையும் அருகருகே வைத்துத் துணியை இரு பக்கமும் இழுங்கள். நூல் விலகிக் கோடு விழுந்தால் அந்தத் துணி பக்கத் தையலில் சீக்கிரம் பிரியும். துணியைத் துணியோடு தேய்த்துப் பாருங்கள், வெள்ளையாகத் தூள் உதிர்ந்தால் கஞ்சியை ஏற்றித் துணியைக் கனமாகக் காட்டுகிறார்கள். முதல் துவைப்பிலேயே துவண்டுவிடும். அடர்ந்த நிறம் என்றால் ஈரக் கைக்குட்டையால் ஒரு ஓரத்தில் அழுத்தித் தேயுங்கள். சாயம் கைக்குட்டையில் ஏறினால் மற்ற துணிகளிலும் ஏறும்.

வீட்டுக்கு வந்ததும் ஓரத்தில் இரண்டு நூலை உருவிக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் பொடிப்பொடியாக உதிரும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நிற்கும். பட்டு என்றால் முடி கருகும் நாற்றம். பட்டு என்று சொல்லி விற்கும்போது, அசல் பட்டு என்பதற்கான சில்க் மார்க் சீட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆர்ட் சில்க், செமி சில்க் என்று சொல்வதெல்லாம் பட்டு அல்ல. அதற்குரிய விலைக்குத் தெரிந்தே வாங்கினால் தப்பில்லை.

ரெடிமேடு என்றால் உள்பக்கத்தைத் திருப்புங்கள். ஒரு இன்ச்சுக்குப் பத்துப் பன்னிரண்டு தையல் இருந்தால் நல்ல வேலை, ஏழெட்டுதான் என்றால் அவசர வேலை. காஜாவில் நூல் பிசிறு நிற்கிறதா, பாக்கெட்டில் கட்டம் சேர்கிறதா, உதிரி பட்டன் தைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இந்த மூன்றும் சரியாக இருந்தால் மற்றதையும் கவனித்துத்தான் செய்திருப்பார்கள்.

எந்த ஊரில், எந்தக் கடையில் வாங்கலாம்?

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குத் துணி விஷயத்தில் கொடுப்பினை உண்டு, நெய்கிற ஊர்கள் பேருந்து தூரத்தில்தான் இருக்கின்றன. ஈரோட்டில் கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை திங்கட்கிழமை இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும். மொத்த வியாபாரம்தான், ஆனால் சில்லறையாகவும் கொடுப்பார்கள். வேட்டி, லுங்கி, துண்டு, சுடிதார் துணிக்கு அங்கே போகலாம். தனியாகப் போவதைவிட மூன்று நான்கு பேர் சேர்ந்து போனால் ஒரு கட்டாக எடுத்துப் பிரித்துக்கொள்ள வசதி. சென்னையில் எழும்பூர் பாந்தியன் சாலையில் ஏற்றுமதி மிச்சத் துணிகளை மீட்டரில் வெட்டிக் கொடுக்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. குர்தாவுக்கும் சட்டைக்கும் அவ்வளவு விதமான பருத்தி ஒரே தெருவில் கிடைப்பது அபூர்வம். ரெடிமேடுக்கும் புடவைக்கும் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு. தி.நகர் ரங்கநாதன் தெருவுக்கு வார நாள் காலையில் போங்கள். ஞாயிறு மாலைக் கூட்டத்தில் துணியைக் கசக்கிப் பார்க்கக்கூட இடம் கிடைக்காது.

கைத்தறிக்கு நான் முதலில் சொல்வது கோ-ஆப்டெக்ஸ். 1935-இல் தொடங்கிய நெசவாளர் கூட்டுறவு நிறுவனம். தீபாவளி நேரத்தில் 30 சதவீதம் வரை தள்ளுபடி தருகிறார்கள். அது விலையை ஏற்றிவிட்டுக் குறைக்கும் தள்ளுபடி அல்ல என்பதால் அப்போது எடுப்பது உண்மையிலேயே லாபம். மாதாமாதம் பணம் கட்டித் துணி எடுக்கும் சேமிப்புத் திட்டமும் உண்டு. ஒரே மாதத்தில் பெரிய தொகை போட முடியாதவர்களுக்கு அது நல்ல வழி.

திண்டுக்கல் பக்கம் போனால் சின்னாளப்பட்டியில் இறங்கிச் சுங்குடி பாருங்கள். மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியதற்கும் புள்ளியை அச்சடித்ததற்கும் விலை வித்தியாசம் நிறைய, எது என்று கேட்டு வாங்குங்கள். முடிச்சுப் போட்டதில் புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது, தொட்டால் லேசாக மேடு தட்டும். காரைக்குடிக் கண்டாங்கி இன்னொன்று. 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. கொஞ்சம் கனம், ஆனால் பட்டையான கரையும் பெரிய கட்டமும் ஆபீஸில் எவ்வளவு கம்பீரமாக இருக்கும் என்று கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உழைப்பும் அதிகம்.

திருப்பூர் "எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்" என்று விற்பதெல்லாம் நிஜமா?

நிஜமும் உண்டு, பெயரை மட்டும் வைத்து விற்பதும் உண்டு. வெளிநாட்டு ஆர்டருக்குத் தைக்கும்போது குறை விழும் என்று கொஞ்சம் கூடுதலாகவே தைப்பார்கள். குறை விழாமல் மிஞ்சியது, ஆர்டர் ரத்தானது எல்லாம் சர்ப்ளஸ். தையலிலோ சாயத்திலோ குறை உள்ளது செகண்ட்ஸ். இரண்டையும் ஒரே குவியலில் போட்டு விற்பதால்தான் குழப்பம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் காதர்பேட்டையில் இரண்டுமே கிடைக்கும்.

எடுக்கும்போது டி-ஷர்ட்டைத் தோளில் பிடித்துத் தொங்கவிடுங்கள். பக்கத் தையல் நேராகக் கீழே இறங்க வேண்டும். வயிற்றுப் பக்கம் சுற்றி வந்தால் துவைக்கத் துவைக்க இன்னும் முறுக்கிக்கொள்ளும். கழுத்துப் பட்டையை இழுத்துவிட்டால் பழைய அளவுக்கு வர வேண்டும். கனத்தை ஜிஎஸ்எம் கணக்கில், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று சொல்வார்கள், 180 இருந்தால் வெளியே போட்டுப் போகத் தாராளம், 140-க்குக் கீழே என்றால் வீட்டில் போடத்தான் சரி. வெளிநாட்டு அளவு என்பதால் எல் என்று போட்டிருப்பது உங்களுக்கு எக்ஸ்எல் ஆக இருக்கலாம். சீட்டை நம்பாமல் மேலே வைத்துப் பாருங்கள். பெரிய பிராண்டின் பெயர் நெஞ்சில் பளிச்சென்று இருந்து விலை இருநூறு என்றால் அது பெரும்பாலும் போலி. லேபிளைப் பாதியில் வெட்டிய, எழுத்தே இல்லாத ஒற்றை நிற டி-ஷர்ட்டைத் தேடுங்கள். அதுதான் நல்ல சரக்கு, எல்லாப் பேண்டுக்கும் சேரும்.

ஆடித் தள்ளுபடிக்குக் காத்திருக்கலாமா?

காத்திருக்கலாம், பட்டியலோடு. ஆடியில் கல்யாணம் குறைவு, தீபாவளிச் சரக்கு இறங்குவதற்குள் பழைய சரக்கைக் காலி செய்ய வேண்டும், அதனால் கடைக்காரருக்கும் விற்க அவசரம். வெள்ளைச் சட்டை, கருநீலப் பேண்ட், சாம்பல் நிற லெக்கிங்ஸ் என்று எப்போதும் வேண்டியவற்றை ஆடியில் வாங்கினால் லாபம். அந்த வருடம் மட்டும் ஓடுகிற மாடலை ஆடியில் வாங்கினால், தீபாவளிக்குள் பழசாகிவிடும்.

கணக்கிலும் கவனமாக இருங்கள். "50 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம்" என்றால் 70 அல்ல, 60 தான். ஆயிரம் ஐந்நூறாகி, ஐந்நூறில் நூறு குறைந்து நானூறு. "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்பது மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி, அதுவும் மூன்றாவது உங்களுக்குத் தேவைப்பட்டால் மட்டும். வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் உருப்படி 2,500 ரூபாய் வரை என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. வரி சேர்க்காத விலை 2,500 என்றால் வரி 125, 2,600 என்றால் 468.

நான் கறுப்பு. கடையில் வெளிர் நிறம்தான் எடுக்கச் சொல்கிறார்கள். எனக்கு எது எடுப்பாக இருக்கும்?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பலர் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும். கவுண்டரில் நிற்பவர் சொன்னார் என்பதற்காக வாழ்நாள் முழுக்க வெளிர் ரோஸும் கிரீமும் மட்டும் உடுத்த வேண்டியதில்லை. கறுத்த நிறத்துக்கு அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து, ராமர் பச்சை, வாடாமல்லி எல்லாம் அபாரமாக எடுக்கும். சுத்த வெள்ளை கறுத்த தோலில் இருப்பதுபோல் யாரிடமும் இருக்காது. காஞ்சிபுரத்தில் இந்த நிறங்களைத் தலைமுறை தலைமுறையாக நெய்தது நம் ஊர் உடம்புகளுக்காகத்தானே. மங்கலான வெளிர் நிறங்கள்தான், பெரும்பாலும் சாம்பல் கலந்தவை, முகத்தைச் சோர்வாகக் காட்டும். அது எல்லாத் தோலுக்கும் பொது.

கடைக் கண்ணாடியையும் குழல் விளக்கையும் நம்ப வேண்டாம். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். முதலில் கண்ணில் படுவது முகமா துணியா என்று பாருங்கள். முகம் என்றால் எடுத்துக்கொள்ளலாம்.

பட்ஜெட்டுக்காகச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். கீழே உடுத்துவது மூன்று அடக்கமான நிறத்தில் இருக்கட்டும்: கருநீலம், சந்தனம், கறுப்பு. மேலே உடுத்துவதில் உங்களுக்குப் பிடித்த நிறத்தையெல்லாம் அள்ளிக்கொள்ளுங்கள்.

எனக்கு உடம்பு கொஞ்சம் அதிகம். இளைத்த பிறகு வாங்கிக்கொள்ளலாமா?

வேண்டாம். இன்றைக்கு இருக்கிற உடம்புக்கு இன்றைக்கு உடுத்துங்கள். இளைத்தால் பிடித்துக் கொடுக்க நாங்கள் இருக்கிறோம், அது அரை மணி நேர வேலை. இறுக்கமான துணியில் உடம்பு பெரிதாகத் தெரியும், தொளதொள என்று போட்டாலும் பெரிதாகத் தெரியும். தோளில் சரியாக உட்கார்ந்து, மார்புச் சுற்றில் மூன்று நான்கு இன்ச் தளர்வு விட்டு, இடுப்பிலிருந்து நேராக இறங்கும் குர்தா யாருக்கும் நன்றாக இருக்கும். ரெடிமேடு வாங்க நேர்ந்தால் தோளும் கைக்குழியும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து எடுங்கள். நீளம், பக்கம், கை எல்லாவற்றையும் பிறகு திருத்தலாம். தோளைத் திருத்துவது சட்டையைப் பிரித்துத் திரும்பத் தைப்பதற்குச் சமம், கூலி கட்டுப்படியாகாது.

ஆபீஸுக்குப் புடவை கட்ட ஆசை. ஒவ்வொன்றுக்கும் ரவிக்கை தைத்தே பணம் போய்விடுகிறதே?

ஒவ்வொரு புடவைக்கும் தனி ரவிக்கை வேண்டும் என்ற பழக்கத்தை விட்டாலே பாதிச் செலவு குறையும். டூ பை டூ துணியில் கறுப்பு, அரக்கு, பாட்டில் பச்சை, கடுகு மஞ்சள் என்று நான்கு ரவிக்கை நன்றாகத் தைத்து வைத்துக்கொள்ளுங்கள். பீரோவில் இருக்கும் புடவையில் முக்கால்வாசி இந்த நான்கில் ஒன்றோடு சேர்ந்துவிடும். லைனிங் இல்லாத சாதா ரவிக்கைக்குக் கூலி 250-க்குள் முடியும், லைனிங் வைத்தால் நானூறைத் தாண்டும். டூ பை டூ கெட்டியான துணி, லைனிங் தேவையில்லை. புடவையோடு வரும் ரவிக்கைத் துணியை வெட்டாமல் வைத்திருங்கள். அதில் கரை நன்றாக இருந்தால் பிறகு குர்தாவின் கைக்கோ துப்பட்டாவின் ஓரத்துக்கோ வைத்துத் தைக்கலாம்.

கல்யாணம், வளைகாப்பு என்று வந்தால்?

அம்மா, அத்தை, பாட்டி பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள். பழைய பட்டின் சரிகை இன்றைக்கு அந்த விலைக்குக் கிடைக்காது. மடிப்பில் பிடித்துப் பாருங்கள். நூல் விடாமல் இருந்தால் புது ரவிக்கை ஒன்று தைத்தால் போதும். மடிப்பில் விட்டுப்போயிருந்தால் கரையையும் முந்தியையும் தனியே எடுத்துப் பாவாடைக்கோ குர்தாவுக்கோ வைக்கலாம். வெட்டும் முன் புடவைக்குச் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அதில் அவர்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கும்.

ஆண்களுக்கு வேட்டி சட்டையைவிடக் குறைந்த செலவில் கௌரவமான உடை இல்லை. 2014-இல் சென்னையில் ஒரு கிளப்பில் வேட்டி கட்டி வந்த நீதிபதியை உள்ளே விடாததால் பெரிய சர்ச்சையானது. அதே வருடம் தமிழ்நாடு அரசு, வேட்டியைக் காரணம் காட்டித் தடுக்கக்கூடாது என்று சட்டமே கொண்டுவந்தது. ஆகவே கிளப் போன்ற பொது இடங்களுக்கும் தயங்காமல் கட்டிக்கொண்டு போகலாம். ஒரு இன்ச் கரை வைத்த பருத்தி வேட்டி, அளவாகத் தைத்த வெள்ளைச் சட்டை, அவ்வளவு போதும்.

ஆன்லைனில் வாங்கலாமா?

சைஸ் எழுத்தைப் பார்க்காதீர்கள், இன்ச் அளவைப் பாருங்கள். உங்களுக்குச் சரியாக இருக்கும் ஒரு சட்டையைத் தரையில் விரித்து மார்பு, தோள், நீளம் மூன்றையும் டேப்பில் அளந்து குறித்து வைத்து அதோடு ஒப்பிடுங்கள். என்ன துணி என்று எழுதாத பொருளை விட்டுவிடுங்கள். ரேயான் துவைத்தால் நீளத்தில் ஏறிக்கொள்ளும், ஒரு அளவு பெரிதாக எடுங்கள். வந்ததைத் துவைக்கும் முன் போட்டுப் பார்த்து, சரியில்லை என்றால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள்.

வாங்கியது ரொம்ப நாள் உழைக்க என்ன செய்வது?

பருத்தித் துணியைத் தைக்கக் கொடுக்கும் முன்னால் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காயவையுங்கள். மீட்டருக்கு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் வரை சுருங்கும், அது தைத்த பிறகு நடந்தால் குர்தா முழங்காலுக்கு மேலே ஏறிவிடும். லைனிங் துணியையும் சேர்த்து நனையுங்கள். சுங்குடி போன்ற சாயத் துணியை முதல் இரண்டு தடவை கல் உப்புப் போட்ட தண்ணீரில் தனியாக அலசுங்கள்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் சோப்பு சரியாக நுரைக்காது, துணியிலேயே படிந்து வெள்ளை பழுப்பாகும். கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் வையுங்கள். உட்பக்கத்தைத் திருப்பி நிழலில் காயப்போடுங்கள். லெக்கிங்ஸையும் உள்ளாடையையும் சுடுதண்ணீரிலும் நேர் வெயிலிலும் போட்டால் எலாஸ்டிக் போய்விடும். பட்டுப்புடவையை வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வைத்து, சில மாதத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாற்றுங்கள். அந்துருண்டை சரிகையில் படக்கூடாது.

தையல்காரர் சொன்ன தேதிக்குத் தருவதில்லை, அளவும் மாறிவிடுகிறது. என்ன செய்ய?

எங்கள் பக்கத்துத் தப்பும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது துணியோடு வந்தால் எந்தக் கடையிலும் அவசர வேலைதான் கிடைக்கும். ஆவணியில் கொடுங்கள், நிதானமாக வெட்டுவோம். புதுக் கடை என்றால் முதலில் ஒரே ஒரு உருப்படி, அதுவும் விலை குறைந்த துணியில் கொடுத்துப் பாருங்கள். அது சரியாக வந்தால் அடுத்ததைக் கொடுங்கள். உடம்பில் அளவெடுப்பதோடு உங்களுக்கு நன்றாக இருக்கும் அளவுச் சட்டையையும் அளவு ரவிக்கையையும் கொடுங்கள், அதில் எது பிடிக்கிறது, எங்கே இறுக்குகிறது என்று வாயால் சொல்லுங்கள். கழுத்து இறக்கத்தைக் கையைக் காட்டிச் சொல்லாமல் இன்ச்சில் எழுதச் சொல்லுங்கள். ரசீதில் உங்கள் துணியின் சின்னத் துண்டு ஒன்றைப் பின் குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். எடுக்க வரும்போது கடையிலேயே போட்டுப் பார்த்து, கையைத் தூக்கி, உட்கார்ந்து, குனிந்து பாருங்கள். எங்காவது இறுக்கிப் பிடித்தால் அங்கேயே பிரித்துக் கொடுப்போம், அதற்குக் காசு கிடையாது.